அழுகிற பிள்ளைக்குப் பொய் சொல்லலாமா?



2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பால வேலை முடியாதிருந்ததால் மக்கள் அப்படகையே நம்பியிருந்தனர். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் சிலர் வீடு திரும்பவில்லை. 2004 டிசம்பர் 26இல் பொங்கி வந்த கடல் இதே ஊரின் ஆஸ்பத்திரியையும் விட்டுவைக்கவில்லை. இறந்தோருக்காக நாம் மன்றாடினோம். தப்பிப் பிழைத்த சிறுவரின் உள்ளத்தை எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்?

இத்தகைய வீடுகளில் நாம் என்ன செய்கிறோம்? "அண்ணா தூரப் பயணம் போயிருக்கிறான்" என்கிறோம். அழுதால், "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று அதட்டுகிறோம். அன்பினாற் சொல்லும் பொய் பாவமாகுமா என்று கேட்பீர்கள். அந்தக் கணக்கை இறைவனிடமே விட்டுவிடுவோம். அப்பொய் பிள்ளையை என்ன செய்கிறது என்பதுதான் என் கவலை.

சிறு பிள்ளை எல்லாவற்றுக்கும் தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். முதல்நாள் அண்ணனோடு பென்சிலுக்காகச் சண்டை பிடித்து, "நீ செத்துப் போ" என்று சொல்லியிருக்கும். மறுநாள் அண்ணன் இல்லை. வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை. அப்பிள்ளை இராவிலே படுக்கையை நனைக்கிறது, படகைக் கவிழ்த்துக் கவிழ்த்து விளையாடுகிறது, பாடசாலை நேரத்தில் வயிற்றுவலி என்கிறது. நாமோ பிடிவாதம் என்று பிரம்பை எடுக்கிறோம்!

"எல்லாம் கடவுள் தண்டனை" என்று சொல்லும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவரே சொல்லியிருக்க, நாம் யார் தீர்ப்பிட? லாசரின் கல்லறையருகே அவரும் கண்ணீர் விட்டாரே! எந்தத் தாயும் அதைத் தன் மகனுக்குச் சொல்லலாம்.

ஆகவே பிள்ளையை மடியில் இருத்தி உண்மையைச் சொல்லுங்கள். "அண்ணா இறந்துவிட்டான். உன் சண்டையால் அல்ல." விளங்கும் அளவுக்குச் சிறிய வார்த்தைகள் போதும். அது பத்துத்தரம் கேட்டாலும் பத்துத்தரம் சொல்லுங்கள். நித்திரை, சாப்பாடு, பாடசாலை, இரவுச் செபம் எல்லாம் பழைய நேரத்திலேயே நடக்கட்டும். பெரும்பாலான பிள்ளைகள் இப்படியே தேறிவிடுவர். கிழமைகள் கழிந்தும் தேறாவிட்டால் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கக் கூசுகிறோமா?

இன்றிரவு செபமாலை முடிந்ததும் உடனே எழும்பிவிடாதீர்கள். பிள்ளை ஏதோ கேட்கக் காத்திருக்கலாம்.