மழை செதுக்கிய மலை



எப்பொருளும் தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்று இயல்பும் உடையது என்பது ஜினாகமம் உணர்த்தும் உண்மை. இதனை ஏட்டில் மட்டுமன்று, மலையிலும் காணலாம்.

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி மலையை எண்ணுங்கள். அதன் பாறை, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்தின் ஆழத்தில், பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் இறுகியது. இஃது ஆக்கும் ஆற்றலின் பணி. பின்னர் மழையும் வெயிலும் காற்றும் மேலிருந்த அடுக்குகளைச் சிறிது சிறிதாக அரித்து அகற்றின. பாரம் குறையவே பாறை வெளிப்பட்டு, வாழைப்பட்டை உரிவதுபோல் தகடு தகடாகக் கழன்றது. தகடுகள் விழுந்த இடத்தில் மேற்பாறை கூரையாக நின்றது. இஃது அழிக்கும் ஆற்றலின் பணி.

அத்தகைய கூரையின் கீழேதான் 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் நம் துறவியர் கற்படுக்கைகளில் தவமிருந்தனர். அங்குள்ள தமிழிக் கல்வெட்டு அதற்குச் சான்று. உதிர்ந்த துகளோ கீழே மண்ணாகி வயலாயிற்று. கல்லின் வடிவம் அழிந்தது, மண்ணின் வடிவம் தோன்றியது, புற்கலம் நிலைத்தது.

அங்ஙனமாயின், மலையை வெடிவைத்துத் தகர்ப்பதும் வெறும் உருமாற்றந்தானே என ஒருவர் வினவலாம். அன்று. மழை விலைபேசி மலையைக் கரைப்பதில்லை. மனிதனோ உலோபத்தால் தகர்க்கிறான். நிலத்தையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களும், பாறையிடுக்கில் கூடுகட்டும் பறவைகளும் அதனால் மடிகின்றன. அந்த உலோபமே வினை வந்து சேரும் ஊற்று. மேலும், மழை கோடி ஆண்டுகளில் செய்வதை வெடி ஒரு நொடியில் செய்கிறது. உதிர்ந்தது வயலாவதற்குக் காலமே இல்லை.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், அதனை உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்க உரிமை 2024இல் ஏலத்தில் விடப்பட்டது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அம்மக்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தினர் அல்லர். எனினும், தம் வயலையும் சுனையையும் காத்தபோது நம் முனிவர்தம் கற்படுக்கைகளையும் காத்தனர். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம்.

அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? நம் ஊர்களை அடுத்த குன்றுகளின் கற்படுக்கைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவற்றில் பெயர் கீறாதிருக்கப் பழக்குங்கள். வீடு கட்டும்போது தேவைக்கு மேற்பட்ட கல்லை விரும்பாதீர்கள். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை நம் வீட்டு வாயிற்படியிலிருந்தே தொடங்கலாம்.

அருகன் அடியிணை போற்றி!