நிலையத்தருகே யாருக்கு இடம்?



வீடுள்ளவன் வீடில்லாதவனைப் பார்த்து, "நீ இங்கே வரவேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு தூரம் உரிமை உண்டு? இன்று இங்கிலாந்தில் நாட்டுப்புற ரயில் நிலையங்களைச் சுற்றி இக்கேள்வி எழுந்திருக்கிறது. வீடு எல்லோருக்கும் வேண்டியதாகையால் நாமும் இதைச் சற்று ஆராய்வோம்.

லண்டனுக்கு வடமேற்கே வயல்களினூடே பாதை போட்டிருந்த மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் முயற்சியால், 1919-இல் வீட்டுமனைக்கென்றே ஒரு கம்பெனி தோன்றியது. நிலையங்களுக்கருகே வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. நகரத்து நெருக்கடியில் வாடிய நடுத்தரக் குடும்பங்களுக்குத் தோட்டமும் நல்ல காற்றும் கிடைத்தன; ரயிலுக்கும் பிரயாணிகள் கிடைத்தார்கள்.

வீடுகள் வரம்பின்றிப் பரவவே, வயல்வெளியைக் காக்கும் எண்ணம் வலுத்தது. 1938-இல் லண்டன் சுற்றுப்புறத்துக்கு ஒரு சட்டமும், 1955-இல் மற்ற நகரங்களுக்கும் பொருந்தும் அரசாங்கச் சுற்றறிக்கையும் பிறந்தன. 'பசுமை வளையம்' என்பது அதன் பெயர். அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் லண்டனுக்கு ரயில் ஓடும் நிலையங்கள் சிலவற்றைச் சுற்றி இன்றும் வயலும் புல்வெளியுமே காணப்படுகின்றன. 2025 டிசம்பரில் அரசு வெளியிட்ட கொள்கை வரைவு, நிலையங்களுக்கருகே வீடு கட்டுவதற்குப் பெரிதும் இடங்கொடுத்தது.

ஊரார் பலர் இதை எதிர்க்கிறார்கள். வயல் அழியும், பள்ளிக்கூடத்தில் இடம் போதாது, சாலையில் நெரிசலாகும் என்கிறார்கள். இதெல்லாம் வெறும் சுயநலமென்று தள்ளிவிடலாகாது. ஆனால் "முதலில் பள்ளிக்கூடம் கட்டுங்கள்" என்பது வேறு, "ஆட்களே வரவேண்டாம்" என்பது வேறு. முன்னது பொதுநன்மையை நாடுகிறது. பின்னது கதவைத் தாழிடுகிறது. ரயில் பெட்டியில் முந்தி ஏறியவர், பிந்தி வருகிறவரிடம், "இடமில்லை, அடுத்த பெட்டிக்குப் போ" என்று சொல்வதை நாம் கண்டதில்லையா? எதிர்ப்பவர்களில் எத்தனையோ பேருடைய வீடும் ஒரு காலத்தில் வயலாயிருந்த நிலத்தில் எழும்பியதன்றோ!

நிலச் சொந்தக்காரருடைய காரியத்தையும் பார்க்கவேண்டும். நேற்றுவரை விளைநிலமாயிருந்தது, வீடு கட்ட உத்தரவு கிடைத்தவுடன் பன்மடங்கு விலை பெறுகிறது. அது அவர் நெற்றி வியர்வையின் பலனா? தண்டவாளம் போட்டவர்கள், வரி கொடுத்தவர்கள், நாள்தோறும் டிக்கெட் வாங்கியவர்கள் ஆகிய எல்லோருக்கும் அதில் பங்குண்டு. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலையேற்றம் முழுவதையும் அரசுக்கே சேர்த்தது. பலர் நிலத்தை விற்காமல் வைத்துக்கொண்டார்கள். 1953-இல் அந்த வரி எடுபட்டது. முழுவதையும் எடுத்தால் நிலம் வெளிவராது. ஒன்றையும் எடுக்காவிட்டால் எளியவனுக்கு வீடு கிடைக்காது. ஆகையால் சொந்தக்காரருக்கு நியாயமான விலையும், மிச்சத்தில் ஒரு பெரும் பங்கு பள்ளிக்கும் குறைந்த வாடகை வீடுகளுக்கும் என்பதே நீதி.

பலருடைய உழைப்பால் விலை பெற்ற இடத்தை ஒரு சிலர் மட்டும் அடைத்துக்கொள்வது முறையன்று. வயலைக் காப்பது நல்ல காரியமே. ஆனால் அதற்குரிய செலவை வீடில்லாதவன் தலையில் மட்டும் சுமத்தி, அதைத் தன் புண்ணியமென்று எவரும் எண்ணவேண்டாம். நம் தெருவிலும் புதிதாக ஒரு குடும்பம் மனை தேடி வரும்போது, முந்தி வந்த நாம் இதை நினைவில் வைப்போமாக.