பெரிய கிளப் அழைத்தால்

சிறிய கால்பந்து கிளப் ஒன்றை நன்றாக நடத்திக்கொண்டிருக்கும் மேலாளருக்கு என்றாவது ஒரு நாள் பெரிய கிளப்பிலிருந்து அழைப்பு வரும். போகலாமா என்ற கேள்விக்கு ஊர் சொல்லும் பதில்கள் இரண்டுதான். வாய்ப்பு வந்தால் போகவேண்டியதுதானே என்பார்கள் சிலர். ஆளாக்கிய கிளப்பைப் பாதியில் விட்டுப் போவது நன்றிகெட்ட செயல் என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பாரும் அந்த மனிதரின் ஆசையையும் விசுவாசத்தையும் எடைபோடுகிறார்களே தவிர, அழைக்கிற கிளப் எந்த நிலையில் இருக்கிறது, எதற்காக இவரை அழைக்கிறது என்று கேட்பதில்லை. ஐரோப்பியக் கால்பந்தின் கடந்த அறுபது ஆண்டுகளைப் பார்த்தால், விடையின் பெரும்பகுதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. விழுந்து கிடக்கிற, விழுந்ததைத் தானே ஒப்புக்கொண்ட பெரிய கிளப் அழைத்தால் மேலாளர் தாராளமாகப் போகலாம். உச்சியில் இருக்கிற கிளப்போ, சரிந்த பிறகும் உச்சியில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிற கிளப்போ அழைத்தால் அவர் பலமுறை யோசிக்க வேண்டும்.

இதற்குப் பிரையன் கிளஃப்பின் வாழ்க்கையைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1967இல் இரண்டாம் டிவிஷனில் கிடந்த டார்பி கவுன்ட்டியை ஏற்று, 1972இல் இங்கிலாந்தின் சாம்பியனாக்கியவர் அவர். 1974 கோடையில் லீட்ஸ் யுனைடெட் அவரை அழைத்தது. லீட்ஸ் அப்போதைய நடப்புச் சாம்பியன். டான் ரெவி பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய அணி. அவர் இங்கிலாந்து தேசிய அணிக்குப் போனதால்தான் அந்த இடமே காலியானது. ரெவியின் ஆட்டமுறையைக் கிளஃப் வெளிப்படையாகக் கண்டித்துவந்தவர் என்பது லீட்ஸ் வீரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான குறை, டார்பியில் அவருக்குச் சரிபாதியாக இருந்த பீட்டர் டெய்லர் லீட்ஸுக்கு வரவில்லை என்பது. வீரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் டெய்லரின் கண்ணுக்கு ஈடில்லை. 44 நாட்களில் கிளஃப் வெளியேற்றப்பட்டார். அதே மனிதர் 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போனார். இரண்டாம் டிவிஷனில் 13ஆம் இடத்தில் இருந்த கிளப் அது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க முன்னவரும் இல்லை, காப்பாற்ற வேண்டிய கிரீடமும் இல்லை. 1976இல் டெய்லரும் வந்து சேர்ந்தார். 1977இல் முதல் டிவிஷன், 1978இல் லீக் சாம்பியன், 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பை. லீட்ஸில் தோற்ற சில மாதங்களில் கிளஃப்பின் அறிவு திடீரென்று கூடிவிடவில்லை. அவர் வேலை செய்த இடம்தான் மாறியது.

மேலாளரின் திறமை முழுவதும் அவர் தலைக்குள் இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஒரு பகுதி அப்படித்தான். இன்னொரு பகுதி, நம்பிக்கைக்குரிய உதவியாளரிடமும், வீரர்களைத் தேடித் தருகிறவர்களிடமும், அவர் பேச்சுக்குப் பழகிப்போன வீரர்களிடமும், நான்கு ஆட்டம் தோற்றாலும் பதறாத நிர்வாகத்திடமும் பரவிக் கிடக்கிறது. கிளப் மாறும்போது அந்த இரண்டாம் பகுதியில் பெரும்பங்கு பின்தங்கிவிடும். அதைப் புதிய இடத்தில் மறுபடி கட்ட ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளை யார் தருவார்கள்? விழுந்ததை உணர்ந்த கிளப்தான் தரும்.

அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை ஏற்றபோது, 22 அணிகள் கொண்ட முதல் டிவிஷனில் அது 21ஆம் இடத்தில் இருந்தது. 1967க்குப் பிறகு லீக் பட்டத்தைத் தொட்டதில்லை. ஃபெர்குசன் முதல் அழைப்புக்கே கிளம்பியவர் அல்லர். அபர்தீனை வைத்துக்கொண்டு 1983இல் ரியல் மாட்ரிட்டை வென்று ஐரோப்பிய வெற்றியாளர் கோப்பையைப் பெற்ற பிறகு, கிளாஸ்கோ ரேஞ்சர்ஸும் டாட்டன்ஹாமும் அவரைக் கேட்டன, மறுத்தார். யுனைடெட்டுக்குப் போகும்போது உதவியாளர் ஆர்ச்சி நாக்ஸைக் கூடவே அழைத்துச் சென்றார். அப்படியும் முதல் கோப்பைக்கு 1990 வரை காத்திருக்க நேர்ந்தது; அந்த சீசனில் லீக்கில் 13ஆம் இடம். அவரை விரட்டச் சொல்லி ரசிகர்கள் அரங்கில் பதாகை பிடித்தார்கள். நிர்வாகம் அசையவில்லை. யூர்கன் க்ளோப்பின் பாதையும் இதே மாதிரிதான். அவர் 2008இல் மைன்ஸை விட்டுப் போன டார்ட்முண்ட், அந்த சீசனில் 13ஆம் இடத்தில் முடித்திருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு திவாலாகும் விளிம்புவரை போய் மீண்ட கிளப். மூன்றாம் ஆண்டில் அது ஜெர்மனியின் சாம்பியன். 2015 அக்டோபரில் அவர் போய்ச் சேர்ந்த லிவர்பூல், பத்தாம் இடத்தில், 25 ஆண்டுகளாக லீக் பட்டம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஷெல்கோ புவாச், பீட்டர் கிராவியட்ஸ் என்ற இரு உதவியாளர்களும் மைன்ஸிலிருந்து டார்ட்முண்டுக்கும், அங்கிருந்து லிவர்பூலுக்கும் அவரோடு போனார்கள். லிவர்பூலில் அவர் மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்ற பிறகே 2019இல் சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். மூன்றாவது தோல்வியோடு அவரை அனுப்பியிருந்தால் இன்று நாம் அவரைப் பற்றி எப்படிப் பேசுவோம் என்று எண்ணிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். டேவிட் மோயஸ் எவர்ட்டனில் 11 ஆண்டுகள் இருந்தார். குறைந்த பணத்தில் அணியைத் தொடர்ந்து மேல்பாதியில் நிறுத்திய கண்ணியமான உழைப்பாளி. 2013இல் ஃபெர்குசன் ஓய்வுபெற்றபோது யுனைடெட் ஆறாண்டு ஒப்பந்தத்தோடு மோயஸை அழைத்தது. அணி அப்போதுதான் 11 புள்ளி வித்தியாசத்தில் லீக்கை வென்றிருந்தது. ஆனால் முக்கிய வீரர்கள் பலருக்கு வயதாகிவிட்டிருந்தது. நிர்வாகத் தலைவர் டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். உள்ளே சரிவு தொடங்கிவிட்டதை வெளியே யாரும் சொல்லத் தயாராக இல்லை. மோயஸ் பழைய பயிற்சிக் குழுவை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். அது தவறு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அந்த அணியை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அதுவே முழுக் காரணம் ஆகாது. சாம்பியன் அணியை எடுத்து ஏழாம் இடத்தில் வைத்தவர் என்ற பெயரோடு 2014 ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். கடைசி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தது எவர்ட்டன்.

கிரஹாம் பாட்டரின் கதை எனக்கு இதைவிட வலிக்கிறது. சுவீடனில் நான்காம் நிலையில் கிடந்த ஓஸ்டர்சுண்ட் என்ற சிறு கிளப்பை முதல் நிலைக்கு உயர்த்தி, 2017இல் சுவீடன் கோப்பையை வென்று, மறு ஆண்டு ஆர்சனலை லண்டனிலேயே ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தவர் அவர். பொறுமையாகக் கற்றுக்கொடுப்பதுதான் அவருடைய பலம். பின்னர் போன பிரைட்டனில் முதல் இரண்டு ஆண்டுகள் 15ஆம் இடமும் 16ஆம் இடமும்தான் கிடைத்தன. உரிமையாளர் டோனி புளூம் கவலைப்படவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒன்பதாம் இடம். 2022 செப்டம்பரில் அணி நான்காம் இடத்தில் இருந்தபோது செல்சீ அழைத்தது. முந்தின நாள்தான் அந்த கிளப், சாம்பியன்ஸ் லீக்கை வென்றுதந்த தாமஸ் டூகலை நீக்கியிருந்தது. 2003லிருந்து பத்துக்கும் மேற்பட்ட மேலாளர்களை மாற்றிய வரலாறு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. புதிய உரிமையாளர்கள் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பாட்டர் தன் உதவியாளர்களை அழைத்துச் சென்றார், அதுமட்டும் போதவில்லை. ஜனவரியில் வாங்கிக் குவித்த வீரர்களால் உடைமாற்றும் அறையே நிரம்பி வழிந்தது. யாரை ஆடவைப்பது, யாரை உட்காரவைப்பது என்பதே அன்றாடப் போராட்டமாயிற்று. ஏழு மாதத்தில் ஆட்டம் முடிந்தது. அவர் விட்டுப்போன பிரைட்டனோ, ராபர்ட்டோ டி ஸெர்பியின் கையில் அதே சீசனில் ஆறாம் இடம் பெற்று, தன் வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அந்த வெற்றியில் பாட்டர் போட்ட அடித்தளத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த அடித்தளம் பிரைட்டனுக்குச் சொந்தமானது. அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போக முடியாது. சீசன் நடுவே போனதுதான் அவர் தவறு என்று சிலர் சொல்கிறார்கள். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபெர்குசனும் க்ளோப்பும்கூட சீசன் நடுவில் போனவர்கள்தான்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2024இல் ஆர்னே ஸ்லாட் ஃபேயநூர்டிலிருந்து லிவர்பூலுக்குப் போனார். க்ளோப் அந்த அணியை உயரத்தில் விட்டுப் போயிருந்தார். என் கணக்குப்படி ஸ்லாட் தயங்கியிருக்க வேண்டும். அவர் போனார், முதல் சீசனிலேயே லீக்கை வென்றார். இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அங்கே நடந்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். தான் விலகப்போவதை க்ளோப் ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார். அடுத்தவரைத் தேட நிர்வாகத்துக்கு மாதக்கணக்கில் நேரம் கிடைத்தது; விளையாட்டு இயக்குநரை முதலில் அமர்த்தி, இருக்கிற வீரர்களுக்குப் பொருந்துகிற பயிற்சியாளர் யார் என்று ஆராய்ந்து தேர்ந்தெடுத்தார்கள். ஸ்லாட்டும் அணியைக் கலைக்கவில்லை. எதற்காக அழைக்கிறோம் என்று அந்த கிளப்புக்குத் தெரிந்திருந்தது. ஆகவே என் கருத்தை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்: உச்சியில் உள்ள கிளப்புக்கும் போகலாம், அது தன்னை அறிந்த கிளப்பாக இருந்தால். அதேபோல, விழுந்த கிளப் என்பது மட்டும் தகுதி ஆகிவிடாது. 2024 நவம்பரில் ரூபன் அமோரிம் ஸ்போர்ட்டிங் லிஸ்பனை விட்டு யுனைடெட்டுக்குப் போனார். சீசன் முடிந்து வருகிறேன் என்று அவர் கேட்டதை கிளப் ஏற்கவில்லை. மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடும் அவருடைய முறைக்கும், அங்கே இருந்த வீரர்களுக்கும் பொருத்தமே இல்லை. அந்த சீசனில் 15ஆம் இடம். விழுந்த பிறகும் தன் நிலையை அறியாத கிளப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

விசுவாசம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அந்த வாதம் எனக்கு ஒருபோதும் வலுவாகத் தெரிந்ததில்லை. 1994 கோடையில் பயர்ன் மியூனிக் ஆர்சென் வெங்கரைக் கேட்டபோது மொனாக்கோ அவரை விட மறுத்தது. சில வாரங்களில் அதே மொனாக்கோ அவரை நீக்கியது. லெஸ்டர் சிட்டிக்கு 2016இல் யாரும் கனவிலும் எதிர்பாராத பட்டத்தை வாங்கித் தந்த கிளாடியோ ரானியேரி, ஒன்பது மாதத்தில் வேலை இழந்தார். கிளப்புகள் இப்படி நடந்துகொள்ளும்போது, மேலாளர் மட்டும் ஆயுள் முழுவதும் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும் என்பது அநியாயம். ஆண்டுதோறும் நல்ல வீரர்களைப் பெரிய கிளப்புகளுக்கு விற்றுவிட்டு, மேலாளரை மட்டும் இருக்கச் சொல்வதிலும் நியாயமில்லை. ஃபெர்குசன் போன பிறகு அபர்தீன் ஒருமுறைகூட ஸ்காட்லாந்தின் லீக் பட்டத்தை வெல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் எட்டு ஆண்டுகள் அங்கே உழைத்து, மூன்று லீக் பட்டங்களைத் தந்துவிட்டுத்தான் போனார். ஒரு கிளப் தன் மேலாளரிடம் அதற்கு மேல் கேட்க உரிமை இல்லை.

இருந்துவிடுவதைத் தோல்வியாகப் பார்க்கும் பழக்கத்தைத்தான் நான் உண்மையில் எதிர்க்கிறேன். ஃப்ராங்க் ஷ்மிட் தெற்கு ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்ற ஊரில் பிறந்தவர். ஏறக்குறைய 50,000 பேர் வாழும் ஊர். 2007இல் வட்டார லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஊர் அணியை அவர் ஏற்றார். 16 ஆண்டுகளில் அது படிப்படியாக ஏறி, 2023இல் புண்டஸ்லீகாவை அடைந்தது. கடைசி ஆட்டத்தின் கூடுதல் நிமிடங்களில் அடித்த இரண்டு கோல்கள்தான் அவர்களைக் கரைசேர்த்தன. அங்கே முதல் சீசனிலேயே பயர்ன் மியூனிக்கை 3-2 என்று வென்று, எட்டாம் இடத்தில் முடித்து, ஐரோப்பியப் போட்டிக்கும் தகுதி பெற்றார்கள். இந்த மனிதர் வாழ்க்கையில் சிறியதைத் தேர்ந்தெடுத்தார் என்று யாராவது சொன்னால், அவர்களுக்குக் கால்பந்து எங்கே நடக்கிறது என்றே தெரியவில்லை என்பேன். இருப்பதிலும் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. கிளஃப் ஃபாரஸ்ட்டில் 18 ஆண்டுகள் இருந்தார். கடைசி ஆண்டான 1993இல் உடல்நலம் குன்றி, அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் விடைபெற்றார். நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகப் போயிருந்தால் அவருக்கும் ஃபாரஸ்ட்டுக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

கடைசியாக, எல்லா மேலாளர்களையும் அவசரப்படுத்துகிற அந்தப் பயம்: இந்த அழைப்பை விட்டால் இன்னொன்று வராது. 2014இல் யுனைடெட் க்ளோப்பை நாடியது, அவர் மறுத்தார். அடுத்த சீசனில் டார்ட்முண்ட் ஒரு கட்டத்தில் புண்டஸ்லீகாவின் கடைசி இடத்துக்கே போனது. பயந்தவர்கள் சொன்னபடி நடந்திருந்தால் அவருடைய வாழ்க்கை அத்தோடு சரிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டே லிவர்பூல் தேடிவந்தது. பயர் லெவர்குசனை ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெர்மனியின் சாம்பியனாக்கிய ஷாபி அலோன்சோ, 2024இல் லிவர்பூலும் பயர்னும் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது தன் கிளப்பிலேயே இருப்பதாக அறிவித்தார். மறு ஆண்டு ரியல் மாட்ரிட் அழைத்தது. அங்கே அவர் ஒரு சீசனைக்கூட முழுதாக முடிக்கவில்லை என்பது முந்தைய ஆண்டு இருந்துவிட்டதன் விளைவு ஆகாது. அது பொறுமையே இல்லாத கிளப்பின் கதை. மறுத்த பிறகு அழைப்பே வராமல் போனவர்களும் இருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்கு எட்டாது என்பதால் அவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் வேலையை நேசிக்கிற இளம் மேலாளர் யாராவது இன்று அப்படி ஓர் அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார்? அவரை ஏன் அனுப்பினோம் என்று அந்த நிர்வாகத்தால் தெளிவாகச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், இந்த அழைப்பை விட்டுவிடுங்கள்.