பாஹியான் எறிந்த செம்பு

துறந்தவனுக்குப் பிரயாணத்தில் காவல் எதற்கு என்ற கேள்வி எழும்போதெல்லாம், கி.பி. 399இல் சாங்கான் நகரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, பௌத்தத் துறவொழுக்கம் கூறும் விநய நூல்களைத் தேடி வட பாரதத்தில் அலைந்து, இலங்கையில் ஈராண்டு தங்கிய பின் கப்பலேறிய சீனத் துறவி பாஹியானே என் ஞாபகத்துக்கு வருகிறார்.

இருநூறு பேரைச் சுமந்த அந்த வணிகக் கப்பல் புயலில் சிக்கி நீர் புகுந்தபோது, பின்னால் கட்டியிருந்த சிறு படகிலிருந்தவர்கள், எல்லோரும் வந்து விழுந்தால் தாங்களும் மூழ்குவோமென்று அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். வணிகர்கள் மூட்டைகளைக் கடலில் எறிய, பாஹியானும் தம் நீர்ச்செம்பையும் கிண்ணத்தையும் எறிந்தார். ஆயினும் தாம் தேடிச் சேர்த்த ஏடுகளையும் விக்கிரகங்களையும் பிடுங்கி எறிந்துவிடுவார்களோ என்று நடுங்கி, போதிசத்துவர் அவலோகிதேசுவரரைத் தியானித்தார். செம்பைத் துறந்த மனம் ஏட்டைத் துறக்கமாட்டாமல் தவித்ததே, அது பற்றா, பக்தியா? பண்டிதர்கள் வாதிக்கட்டும், இடுப்புப் பையிலுள்ள பாஸ்போர்ட்டை நிமிஷத்துக்கொரு தரம் தடவிப் பார்க்கும் எனக்கு அவரைக் குறை சொல்ல வாயில்லை.

ஒருவாறு தப்பிச் சாவகத்தை (ஜாவாவை) அடைந்து, அங்கே ஏறிய மறு கப்பலிலும் புயல். இந்தத் துறவியை ஏற்றியதே அபசகுனம், ஏதேனும் ஒரு தீவில் இறக்கிவிடுவோம் என்று உடன் வந்த பிராமணர்கள் கூடிப் பேசியபோது, இறக்குவதானால் என்னையும் இறக்குங்கள், இல்லையேல் சீன மன்னனிடம் முறையிடுவேன் என்று எழுந்து நின்றவர், அவரை ஆதரித்து வந்த ஒரு சக பிரயாணியே. தெய்வம் அந்த உருவில் வந்தது என்பார்கள்; நான் மறுக்கமாட்டேன். குடிநீர் வற்றி, கடல்நீரில் சமைத்துண்டு, 412இல் ஷாந்துங் கரையில் பாஹியான் இறங்கினார், ஏடுகளோடு.