குடத்தைச் செய்தவர் யார்?

நம் தத்துவ நூல்களில் குடத்திற்கு ஒரு நிலையான இடம் உண்டு. குடம் தோன்ற மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகிற்குக் கர்த்தா ஒருவன் உண்டு என்பதை விளக்கவே இவ்வுவமை பயன்படுகிறது. அந்த நோக்கத்திற்கு அது பொருத்தமானதே. ஆனால் உவமையில் தனியே நிற்கும் அக்குயவன், தன் வீட்டிலும் தனியாகத்தான் குடம் செய்கிறானா?

மும்பைத் தமிழர் நன்கறிந்த கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகிலேயே தாராவி உள்ளது. அங்குள்ள கும்பார்வாடா, சௌராஷ்டிரத்திலிருந்து மும்பைக்கு வந்து, 1930-களில் தாராவியில் குடியேறிய குயவர்களின் பகுதி. வீடும் வேலைக்கூடமும் அங்கே ஒன்றே. மரபுப்படி சக்கரத்தில் அமர்பவர் ஆண். மண்ணைப் பக்குவப்படுத்துதல், வனைந்ததைக் காயவைத்தல், வண்ணம் பூசுதல், சூளைக்கு எடுத்துச் சென்று அடுக்குதல் ஆகியவற்றில் பெண்களின் உழைப்பு பெரிது. மண் சரியாகப் பதப்படாவிட்டால் சிறந்த கைத்திறனும் பயன் தராது. சூளையில் பானை வெடித்துவிடும். எனினும் 'குயவர்' என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் சக்கரத்தின் முன் இருப்பவர் மட்டுமே.

கண்ணாடிக் கலையிலும் இதே நிலைதான். ஊதுகுழலின் முனையில் உள்ள கண்ணாடிக் குழம்பைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அது சரிந்துவிடும். ஆகவே ஒருவர் சுழற்றி உருவாக்கும்போது மற்றொருவர் ஊதுகிறார். ஆனால் கலைப்பொருளின் கீழ் பெரும்பாலும் ஒரு பெயரே இடம்பெறும்.

செக் நாட்டில் இவ்வழக்கிற்கு மாறாக வாழ்ந்தனர் ஒரு தம்பதியர். ஸ்டானிஸ்லவ் லிபென்ஸ்கி (1921–2002) ஓவியர். யரோஸ்லவா பிரிக்தோவா (1924–2020) சிற்பி. 1950-களில் இணைந்து பணியாற்றத் தொடங்கி, 1963-இல் மணந்தனர். அவர் வரைவார், அம்மையார் அதைக் களிமண்ணில் வடிப்பார், பின்னர் அது அச்சில் வார்த்த கண்ணாடியாகும். 1967-இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் இவர்களது படைப்புகள் புகழ்பெற்றன. அவை இன்றும் இருவர் பெயராலேயே அறியப்படுகின்றன.

இங்கு ஓர் ஐயம் எழலாம். 'நான் செய்தேன்' என்னும் எண்ணத்தைத் துறப்பதன்றோ கர்மயோகம்? அவ்வாறிருக்க, பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?

ஐயம் நியாயமானதே. ஆனால் ஒருவர் தமக்கு உரியதை மட்டுமே துறக்க முடியும். தம் பெயரைத் தாமே விடுவது தியாகம். பிறர் பெயரை நாம் விட்டுவிடுவது தியாகமன்று, அது அபகரிப்பு. 'பெயரில் என்ன இருக்கிறது?' என்று கேட்கும் உரிமை, பெயர் கிடைக்காதவருக்கே உண்டு. பெயர் பெற்றவர் அதைக் கேட்டால், அகங்காரம் வேதாந்தத்தின் மொழியில் பேசுகிறது என்றே கொள்ள வேண்டும்.

அகங்காரத்தைக் கரைக்க எத்தனையோ சாதனைகள் கூறப்படுகின்றன. அவற்றுள் எளியது ஒன்று: நம்மை யாரேனும் பாராட்டும்போது, அப்பணியில் நம்முடன் உழைத்தவரின் பெயரை உடனே சொல்லிவிடுவது. அது பெருந்தன்மையன்று, உண்மையைச் சொல்லுதல் மட்டுமே. அந்த உண்மையைச் சொல்லத் தயங்கும் நா, 'செய்பவன் நானல்லன், இறைவனே' என்று சொல்வதில் என்ன பொருள் இருக்க முடியும்?