பட்டாணி வேகும் நேரம்

இரவு. அடுப்படியில் ஒரு விளக்கு மட்டும்.

முறத்தில் அரைக் கிலோ வெள்ளைப் பட்டாணி. விரல் கல் தேடிப் போகிறது. கல் இல்லை. விரல் நிற்கவில்லை.

உடைக்காத பட்டாணி. தோலோடு. கனடாவின் கியூபெக் வீடுகளில் பட்டாணிச் சூப்புக்கு முழுசாகத்தான் போடுகிறார்கள்.

பாத்திரத்தில் கொட்டும்போது சத்தம். பிறகு சத்தம் நின்ற இடம்.

❋

காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர். பட்டாணிக்கு மேலே நான்கு விரல்.

சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் பட்டாணி எளிதில் வேகாது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை அந்தச் சுண்ணாம்பு இன்னும் இறுக்குகிறது. மணிக்கணக்காகக் கொதித்தும் கல்லாக நிற்கும் பட்டாணி உண்டு.

ஊற்றுத் தண்ணீர் நாக்கில் லேசாக இனிக்கிறது. அல்லது, இனிக்கும் என்று சிறு வயதில் கேட்டது இனிக்கிறது.

❋

நள்ளிரவு தாண்டி விழிப்பு. எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

தோல் முதலில் நீரை வாங்குகிறது. உள்ளிருக்கும் பருப்பு தாமதம். இடைப்பட்ட நேரத்தில் தோல் மட்டும் பெரிதாகிச் சுருங்கிக் கிடக்கிறது. எல்லாப் பட்டாணிக்கும் முதுமை.

விடியும்போது சுருக்கம் இல்லை. எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எந்த நேரத்தில் நிரம்பியது என்று தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

❋

கடைச் சாக்கில் ஊர்ப் பெயர் இல்லை. கடைக்காரர் கனடா என்கிறார்.

கனடா என்றால் பெரும்பாலும் சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா. சமவெளி. மே மாதம் விதைப்பு. ஆகஸ்டில் செடி வயலிலேயே காய்கிறது. காய்க்குள் பட்டாணி குலுங்குகிறது.

ரயில். வான்கூவர் துறைமுகம். கப்பல்.

2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50 விழுக்காடு இறக்குமதி வரி போடுகிறது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு, கடையில் வெள்ளை என்று விற்கும் இதற்கு, வரி இல்லை என்கிறது. சாக்கு வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது.

உள்ளங்கையில் ஒன்றை எடுக்கிறேன். ஊறிய கனம்.

❋

1608. பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் கியூபெக்கில் குடியேற்றம் அமைக்கிறார். அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல்களின் அடித்தட்டில் காய்ந்த பட்டாணி, உப்பிட்ட இறைச்சி.

இரண்டும் கெடாது. இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும்.

கரையில் பனி. மாதக்கணக்கில் உறைந்த நிலம். பறிக்க எதுவும் இல்லாத நாட்களில் அடுப்பில் இந்தச் சூப்.

பின்னாளில் காட்டில் மரம் வெட்டும் முகாம்கள். அங்கேயும் இது.

வசந்தத்தில் மேப்பிள் சாறு காய்ச்சும் கொட்டகைகளில் இப்போதும் இது. விருந்துக்கு வருகிறவர்கள் பசியோடு வருவதில்லை. சூப் வருகிறது.

❋

அந்தச் சூப்பில் போடும் பன்றி இறைச்சி இந்த வீட்டில் இல்லை. உப்புக்கண்டம் இருக்கிறது.

சித்திரையில் போட்டது. ஆட்டுக்கறி, உப்பு, மஞ்சள், வரமிளகாய். நூலில் கோத்து முற்றத்துக் கொடியில். காக்கையை விரட்ட ஒருவர். வெயில் சாய்ந்ததும் உள்ளே. மறுநாள் மறுபடி வெளியே. ஈரம் போகப் போகக் கறி கறுத்துச் சிறுத்தது.

இப்போது பீங்கான் ஜாடியில். மூடியைத் திறந்ததும் உப்பும் கொழுப்பும் சேர்ந்த வாடை. மூக்கு பின்வாங்குகிறது. பிறகு தானாக அருகே வருகிறது.

வெந்நீரில் அலசுகிறேன். மிளகாய் போகிறது. உப்பு பாதி போகிறது. தண்ணீர் சிவக்கிறது.

❋

இந்த முற்றத்திலிருந்து போனவர்கள் உண்டு. இரங்கூன். பினாங்கு. சைகோன்.

அப்போது சைகோனில் ஆட்சி பிரெஞ்சு. பெட்டியடியில் கணக்கு தமிழ். அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் அங்கே இன்னும் இருக்கிறது.

கப்பலில் சாப்பிட என்ன கொண்டுபோயிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. வற்றல். வடகம். ஊறுகாய். நினைப்பு கொஞ்ச தூரம் போகிறது. கரை தெரியாமல் திரும்புகிறது.

முதுகுக்குப் பின்னால் பர்மாத் தேக்குத் தூண். சட்டையைத் தாண்டி அதன் குளிர்ச்சி.

❋

குக்கர் அலமாரியிலேயே இருக்கிறது. வெண்கலப் பானை.

பட்டாணி. உப்புக்கண்டம். இரண்டு பெரிய வெங்காயம். ஒரு கேரட். இரண்டரை லிட்டர் தண்ணீர்.

கியூபெக்கில் லாரல் மரத்து இலை போடுகிறார்கள். இங்கே பிரிஞ்சி இலை. வேறு மரம், பட்டைக்கு உறவு. அங்கே சாவரி என்ற செடியின் தழையும் போடுவதுண்டு. இங்கே அது இல்லை. அது இல்லாமல் பானை நிறைந்திருக்கிறது.

கொதி வருகிறது. நுரை. பட்டாணியின் புரதமும் சப்போனினும் காற்றைப் பிடித்துவைத்திருக்கின்றன. கரண்டியால் எடுக்கிறேன். மறுபடி நுரை. மறுபடி கரண்டி.

ஒரு கட்டத்தில் நுரை இல்லை. கரண்டி மட்டும் கையில்.

தீயைக் குறைக்கிறேன்.

ஒரு குமிழி.

இன்னொன்று வர நேரமாகிறது.

❋

"உப்புப் போட்றாத. கண்டத்துல இருக்கு."

ஆயாவின் குரல், பட்டாலைக் கூடத்திலிருந்து.

போடவில்லை.

கை கறிவேப்பிலைப் பக்கம் போகிறது. கடுகு டப்பாவில் நிற்கிறது. இந்தச் சூப்புக்குத் தாளிப்பு இல்லை. கை திரும்பி வருகிறது. சற்றுக் கழித்து மறுபடி போகிறது.

புளியும் இல்லை. புளிப்பு சேர்ந்தால் பட்டாணி மெத்தென்று ஆக மறுக்கும். மண்டிக்கும் மொச்சை வெந்த பிறகுதான் புளி கரைத்து விடுவது. அந்த வரிசை கைக்குத் தெரியும். கை யாரிடம் கற்றது என்று யோசிக்கவில்லை.

❋

ஒரு மணி நேரம்.

தோல் கழன்று மேலே மிதக்கிறது. விளக்கொளி அதன் ஊடே போகிறது.

ஒன்றை எடுத்து நசுக்குகிறேன். ஓரம் விட்டுக்கொடுக்கிறது. நடுவில் இன்னும் மாவாக ஒரு புள்ளி.

மூடியைப் பாதி சாய்த்து வைக்கிறேன். ஆவி ஒரு பக்கமாக.

மின்விசிறி. ஓட்டுக்கூரையில் புறாக்கள். கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஒலிபெருக்கி தொடங்குகிறது, நிற்கிறது. நின்ற பிறகும் காது அங்கேயே.

மூச்சு உள்ளே வருகிறது. அதில் வெங்காயம்.

❋

1866. பிர்னோ மடத்துத் துறவி மெண்டல், பட்டாணிச் செடிகளைப் பற்றிய கட்டுரையை அச்சில் பார்க்கிறார். மஞ்சளையும் பச்சையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுதும் மஞ்சள். பச்சை போய்விடவில்லை. அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒன்றாக வந்து நிற்கிறது.

அதுவரை அது இருந்த இடத்தில் இருந்தது.

பானையில் எல்லாம் மஞ்சள்.

❋

இரண்டு மணி நேரம். இன்னும் கொஞ்சம்.

விரலிடையில் எதிர்ப்பு இல்லை. சில பட்டாணிகள் தாமாகவே உடைந்திருக்கின்றன. மாவுச்சத்து வெளியே வந்து தண்ணீர் தடிக்கிறது. கரண்டி போன வழி சிறிது நேரம் தெரிகிறது. மூடிக்கொள்கிறது.

சில உடையவில்லை. அவற்றைத் தேடி மசிக்கக் கரண்டி போகிறது. பாதியில் விட்டுவிடுகிறது.

கண்டத்தைத் தட்டில் எடுத்து நார்நாராகப் பிய்க்கிறேன். விரல் சுடுகிறது. ஊதுகிறேன். பிய்க்கிறேன். பானைக்குள் திரும்பப் போடுகிறேன். உப்பு இருந்த இடத்திலிருந்து எங்கும் பரவுகிறது.

❋

நீல விளிம்பு வைத்த எனாமல் கிண்ணம். ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிகிறது.

முதலில் உப்பு. பிறகு பட்டாணியின் மெல்லிய இனிப்பு. பிறகு ஆட்டுக் கொழுப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் அலசிப் போகாத மிளகாய்.

இது கியூபெக் ருசியா. நாக்கு அங்கே போனதில்லை. இது காரைக்குடி ருசியுமில்லை. பெயர் வைக்க ஒரு எண்ணம் எழுகிறது. அடுத்த வாய் வருகிறது.

ஆயா ஒரு கரண்டி வாயில் வைக்கிறார்.

"பருப்புத் தண்ணியா?"

பதில் ஒன்று தொடங்குகிறது. கனடா, கப்பல், பனி. சொல்லவில்லை. அவருக்கும் அது தேவைப்படவில்லை. இன்னொரு கரண்டி. மிளகுத்தூள் கேட்கிறார்.

❋

பானையில் பாதிக்கு மேல் மீதி.

ஆற ஆற இறுகிக்கொண்டே வருகிறது. மறுநாள் ருசி கூடும் என்பார்கள். சுட வைக்கும்போது வெந்நீர் விட்டு இளக்க வேண்டும். ஒரு டம்ளர். ஒன்றரையாகவும் ஆகலாம்.