மண்டையை அளந்தவர்களும் மூளையைப் படிக்கிறவர்களும்

“மண்டையில மூளை இருக்கா, களிமண்ணு இருக்கா?” பள்ளிக்கூடம் போன எல்லாப் பிள்ளைகளும் வாத்தியார் வாயிலிருந்து ஒருமுறையாவது இதைக் கேட்டிருக்கும். ஊர்த்தெருப் பிள்ளைக்கு அது திட்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துபோகும். சேரிப் பிள்ளைக்கு அது தீர்ப்பு. “உங்களுக்கெல்லாம் எதுக்குடா படிப்பு” என்ற இன்னொரு வரியும் பின்னாலேயே வரும். வாத்தியார் சொல்லாவிட்டாலும் அது நம் காதில் விழும். அந்தக் களிமண்ணைச் சுமந்துகொண்டே பத்தாவதும் பன்னிரண்டாவதும் தாண்டியவர்கள் நாம். தாண்டாமல் பாதியில் நின்றவர்கள் நம்மைவிட அதிகம்.

இப்போது என் அக்கா மகள் மூளையையே படிக்கப் போகிறேன் என்கிறாள். பி.எஸ்சி. உளவியல், இரண்டாம் ஆண்டு. அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் என்ற கல்லூரி 1973இலேயே நரம்பறிவியலை இளநிலைப் படிப்பாகத் தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் இன்றும் பெரும்பாலும் மருத்துவம், உளவியல், விலங்கியல் என்று ஏதாவது ஒரு வாசல் வழியாகத்தான் அதற்குள் நுழைய வேண்டியிருக்கிறது. விடுமுறைக்கு வந்தவள் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் திண்ணையில் விரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, ஒதுக்கி வச்சா வலிக்கும்னு ஸ்கேன்லயே கண்டுபிடிச்சிட்டாங்க. இனிமே எவனும் இல்லேன்னு சொல்ல முடியாது.”

அவள் சொன்னது 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. கலிபோர்னியாவில் நடந்தது. ஒருவரை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவைத்து, கணினியில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவதுபோல ஒரு விளையாட்டு காட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து மற்ற இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே பந்தைப் போட்டுக்கொள்கிறார்கள், இவருக்குப் போடுவதில்லை. அந்த இரண்டு பேரும் உண்மையில் ஆட்களே இல்லை, கணினி நிரல்தான். ஆனாலும் ஒதுக்கப்பட்டவரின் மூளையில் ஆன்டீரியர் சிங்குலேட் என்ற பகுதி, உடம்பில் அடிபட்டால் எப்படி விழித்துக்கொள்ளுமோ அப்படி விழித்துக்கொண்டது என்று எழுதினார்கள்.

வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆண்டை வீட்டு வாசலில் கையைக் குவித்து, மேலேயிருந்து ஊற்றிய தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “வலிச்சுதுன்னு நாந்தான் அறுவது வருசமா சொல்லிக்கிட்டு இருக்கறனே. அந்த மிசினு வேற வந்து சொல்லணுமா?”

பேத்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. நம் வலிக்கு மூளைப்படம் சாட்சியாக வேண்டுமா? வேண்டாம் என்றால் நம் பிள்ளைகள் எதற்காக மூளையைப் படிக்க வேண்டும்?

முதலில் சாட்சியைப் பற்றி. தீட்டுப்பட்டுவிட்டது என்று சொன்னவனிடம் எந்தக் காலத்திலும் எவரும் அளந்து காட்டச் சொன்னதில்லை. எத்தனை அடி தூரத்தில் தீட்டு தொற்றும், எந்தப் பாத்திரத்தில் தங்கும், எதைத் தெளித்தால் போகும் என்று அவன் சொன்னதெல்லாம் சட்டமாக இருந்தது. வலிக்கிறது என்று சொன்னவளிடம்தான் நிரூபணம் கேட்கிறார்கள். ஆய்வகத்திலிருந்து ஒரு வண்ணப்படம் வந்ததும் நாம் சந்தோஷப்படுகிறோமே, அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு தோல்வி ஒளிந்திருக்கிறது. நம் வாய்ச்சொல் போதாது என்பதை நாமே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

இன்னொன்று, படம் மாறும். ஒதுக்கப்படும் வலியும் உடம்பு வலியும் மூளையில் ஒரே இடத்தில் தெரிந்தாலும் இரண்டின் தடமும் வேறு வேறு என்று 2014இல் வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அறிவியல் அப்படித்தான் நகரும், அது குற்றமில்லை. ஆனால் நம் வழக்கை அந்தப் படத்தின் மேல் கட்டிவைத்திருந்தால் 2014இல் என்ன ஆகியிருக்கும்? ஆய்வு மாறிவிட்டது, ஆகவே இரட்டைக் குவளை வலிக்காது என்று தீர்ப்பு எழுதியிருப்பார்களா? என் அம்மாவின் சொல் எந்த ஆய்வு மாறினாலும் மாறாது.

தலைக்குள் என்ன இருக்கிறது என்று நம்மை அளந்து பார்ப்பதும் புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், பறையர் உட்படப் பல சாதியாரின் தலை நீளம், தலை அகலம், மூக்கு அகலம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து அட்டவணை போட்டார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய சாதிகள் பற்றிய நூலை இன்றும் எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. அவருக்கு முன்பே வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி 1891இல் ஒரு விதியே எழுதினார்: மூக்கு அகலமாக அகலமாகச் சமூகத் தகுதி குறையுமாம். அந்த ரிஸ்லிதான் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையர். அளவுகோல் ஆய்வாளன் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்குப் போக அதிக நாள் பிடிக்கவில்லை.

அம்பேத்கர் இந்த அளவுகளைத் தூக்கி எறியவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். தீண்டத்தகாதோர் யார் என்று ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில் அதே மூக்கு அளவுகளை எடுத்து வரிசையாக அடுக்குகிறார். பார்ப்பனரும் தீண்டத்தகாதவரும் ஒரே இனம் என்றுதான் உங்கள் கணக்கே சொல்கிறது என்று திருப்பிப் போடுகிறார். எதிரியின் முழக்கோலாலேயே எதிரியின் சுவரை அளந்து, கோணல் என்று காட்டிவிட்டார். அதற்கு முழக்கோல் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குள் போக வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் அந்தப் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அவள் புரட்டப் புரட்ட நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். முதல் அத்தியாயங்களில் வருகிறவர்கள் யார்? 1848இல் பினியாஸ் கேஜ். இரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் வேலையாட்களின் மேஸ்திரி. வெடிமருந்து வெடித்து இரும்புக் கம்பி கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. அவர் மண்டையோடும் அந்தக் கம்பியும் இன்று ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்து, பேச்சு மூளையில் எங்கே இருக்கிறது என்று 1861இல் பால் புரோக்கா கண்டுபிடித்த கதை. அதற்கு மூளையைக் கொடுத்தவரின் பெயர் ‘டான்’ என்று போட்டிருக்கிறது. ‘டான்’ என்ற ஒலியைத் தவிர வேறு பேச முடியாததால் வைத்த பெயர். அவருடைய முழுப்பெயர் லூயி விக்தோர் லெபோர்ன் என்பதும், செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் அச்சுக்கட்டை செய்கிற தொழிலாளி அவர் என்பதும் 2013இல்தான் வெளியே வந்தன. ஒன்றரை நூற்றாண்டாக உலகமெங்கும் மாணவர்கள் அவர் மூளையைப் படித்தார்கள், ஆனால் அந்த ஆளை எவரும் தேடவில்லை. புரோக்காவுக்கு இன்னொரு முகமும் உண்டு. இனங்களின் மண்டையோடுகளை அளந்து உயர்வு தாழ்வு கணக்குப் போட்டவர் அவர். அந்த முகம் பாடத்தில் ஒரு பத்திகூட இல்லை.

நம் நாட்டுக் கதையும் இப்படித்தான். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தபோது, சாஸ்திரத்தை மீறிய முதல் இந்து என்று கொண்டாடினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கியது என்றும் சொல்வார்கள். அவருக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தொட்டவர்கள், தூக்கியவர்கள், எரித்தவர்கள், புதைத்தவர்கள் யார்? நாம் தொட்டால் அது தொழில், தீட்டு. அவர் தொட்டால் அது அறிவியல், புரட்சி. இன்றைக்கும் பல அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் மண்டையோட்டை அறுத்துத் திறப்பவர் நம் ஆள். மூளையை முழுசாக, ஒரு கீறல் விழாமல் எடுத்துக் கொடுக்கிற கை அவருடையது. டாக்டர் தள்ளி நின்று குறிப்பு எழுதுவார். எத்தனை ஆயிரம் மூளையைக் கையில் ஏந்தினாலும் அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது. நாற்றம் தாங்க அவர் குடித்துவிட்டு வருவது மட்டும் ஊருக்கே தெரியும்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் சிக்கலானது. மண்டையோட்டை அளந்த காலத்தில் நம்மைப் பிறவியிலேயே மட்டம் என்றார்கள். அதை எதிர்த்துச் சண்டை போடத் தெரிந்தது. இப்போது இரக்கத்தோடு வருகிறார்கள். அமெரிக்காவில் 3 வயதிலிருந்து 20 வயது வரை 1099 பேரை ஸ்கேன் செய்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. குடும்ப வருமானம் குறையக் குறைய மூளையின் மேற்பரப்பும் குறைகிறது, அடிமட்ட ஏழைகளிடம் இந்த வேறுபாடு கூடுதல் என்றது. இது தலைவிதி, மாறாது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. வறுமையை ஒழிக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல ஆயுதம்தான். ஆனால் அதே வரி ஒரு கல்லூரி ஆசிரியர் அறைக்குள் போனால் எப்படி ஒலிக்கும்? “பாவம், அந்தப் பசங்களுக்கு மூளை வளர்ச்சியே கம்மி.” களிமண்ணு மறுபடியும் வந்துவிட்டது, கொஞ்சம் ஆங்கிலம் கற்றுக்கொண்டு. இழிவை எதிர்க்கத் தெரிந்த அளவுக்கு இரக்கத்தை எதிர்க்க நமக்குத் தெரியவில்லை.

இதற்குப் பதில் சொல்கிற ஆய்வும் இருக்கிறது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்க் கட்டங்களைக் கொடுத்து, இரண்டு பொருளியலாளர்கள் 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சாதி சொல்லாமல் உட்கார வைத்தபோது இரண்டு தரப்புப் பையன்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி போட்டார்கள். எல்லார் முன்னாலும் பெயரையும் சாதியையும் வாசித்த பிறகு தாழ்த்தப்பட்ட பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. பையன் அதே பையன், மண்டை அதே மண்டை. நடுவில் நடந்தது ஒரு வாசிப்பு. குறை எங்கே இருக்கிறது? வருகைப் பதிவேட்டில் சாதி கேட்டு எழுந்து நிற்கச் சொன்ன வகுப்பறை நம் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

அதே 2006இல் இன்னொரு ஆய்வு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களை ஸ்கேனில் படுக்கவைத்துப் பலவகை மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். மற்ற மனிதர்களைப் பார்த்தால் விழிக்கிற பகுதி, அவனும் ஒரு மனிதன், அவனுக்கும் மனசு இருக்கிறது என்று நினைக்கும்போது வேலை செய்கிற பகுதி, வீடற்றவர்களின் படத்தையும் போதைக்கு அடிமையானவர்களின் படத்தையும் பார்த்தபோது சரியாக விழிக்கவில்லை. பார்க்கப்பட்டவனை விட்டுவிட்டுப் பார்த்தவனின் மண்டையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். இத்தனை காலமும் கருவி நம் பக்கமே திரும்பியிருந்தது. அதை எதிர்ப்பக்கம் திருப்ப முடியும் என்பதற்கு இது ஓர் அடையாளம். தீட்டு என்று முகம் சுளிக்கிறவனின் மூளையில் என்ன நடக்கிறது, அதை எத்தனை வயதில் எந்த வீட்டில் கற்றுக்கொள்கிறான் என்று யார் கேட்பது? சுளித்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் தோன்றும்.

கேள்வி யாருடையது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஓர் உதாரணம் சொல்கிறேன். பாதாளச் சாக்கடையில் இறங்கும் ஆளை முதலில் ஏமாற்றுவது அவனுடைய மூக்கு. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏற ஏற மோப்ப நரம்பு மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு படி இறங்குவான். அதற்குமேல் ஏறினால் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போய், மூளைத்தண்டில் மூச்சை நடத்துகிற இடம் அடங்கிவிடும். சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளுக்கும் அதேதான். அதனால்தான் செய்தித்தாளில் அண்ணன் தம்பி, அப்பன் மகன் என்று ஜோடி ஜோடியாகப் பெயர் வருகிறது. குடிச்சிட்டு இறங்கினான், அஜாக்கிரதை என்று ஒப்பந்தக்காரன் சொல்வான். அஜாக்கிரதை இல்லை ஐயா, நரம்பு மரத்துப்போச்சு என்று எதிரில் எழுந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். மலமள்ளத் தடைச் சட்டம் 1993இலும் 2013இலும் வந்தது. சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் என்றிருந்த இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் முப்பது லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை. உயிர் தப்பி மேலே வந்தவனுக்கு அப்புறம் ஞாபகம் எப்படி இருக்கிறது, கை நடுங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று வீடு தேடிப் போய்க் கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

இலண்டன் டாக்சி ஓட்டுநர்கள் நகரத்தின் சந்துபொந்தெல்லாம் மனப்பாடம் செய்ததில் அவர்களுடைய மூளையில் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெருத்திருக்கிறது என்ற 2000ஆம் ஆண்டு ஆய்வு இந்தப் படிப்பில் எல்லாரும் வாசிக்கிற பாடம். பூமிக்கு அடியில் ஒரு நகரத்தின் குழாய் முழுவதையும் நினைவில் வைத்திருப்பவனின் தலைக்குள் இருக்கும் வரைபடமும் ஒருநாள் பாடத்துக்கு வரட்டும். அதற்குமுன் அவன் குழிக்குள் இறங்காமல் இருக்கட்டும்.

அவளிடம் நான் சொன்னது இதுதான். போ, படி. நமக்கும் மூளை இருக்கிறது என்று யாருக்கும் நிரூபிக்கப் போகவேண்டாம், அந்த வேலை நமக்கில்லை. ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து உன் ஆயாவின் சொல்லுக்கு முட்டுக்கொடுக்கவும் வேண்டாம், அது தானாக நிற்கும். ஆயா சொன்னதை வைத்து நீ அங்கே என்ன கேள்வி கேட்கப் போகிறாய் என்பதை மட்டும் யோசி. ஆய்வகத்தில் உன் கையில் மூளை வரும்போது, அதை அறுத்து எடுத்துக் கொடுத்தவரின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கீரைக் காம்புகளை முறத்தில் கூட்டி அள்ளினாள். “படிக்கட்டும். ஆனா அந்தச் சாக்கடை வாயு இருக்கே, அத மொதல்ல படிக்கச் சொல்லு” என்றாள்.